லினக்ஸ்: யாவருக்கும் உரிய இயங்குதளம்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு இரண்டு எண்ணங்கள் தோன்றுகின்றன. ஒன்று மகிழ்ச்சி. மற்றொன்று, "சும்மா கொடுக்கிறார்கள் என்றால் பொருளில் ஏதோ குறை இருக்க வேண்டும்" என்ற ஐயம். ஒரு சோப்பு வாங்கினால் ஒரு சோப்பு இலவசம் என்பார்கள். வீட்டிற்கு வந்து பார்த்தால் இரண்டுமே சிறியவை. ஆகவே உலகத்தின் மிகப் பெரிய கணிப்பொறிகள் எல்லாம் விலையில்லாத ஓர் இயங்குதளத்தில்தான் ஓடுகின்றன என்று கூறினால், நம் பெற்றோர் நம்பத் தயங்குவது இயல்பே. ஆயினும் அது உண்மை. 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல், உலகின் அதிவேகக் கணிப்பொறிகள் 500இன் பட்டியலில் இடம்பெறும் அத்தனையும் அதனைக் கொண்டே இயங்குகின்றன. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கிரகத்தில் பறந்த 'இன்ஜெனுயிட்டி' என்னும் சிறு ஹெலிகாப்டருக்குள்ளும் அதுவே இருந்தது. அதன் பெயர் லினக்ஸ்.

முதலில், இயங்குதளம் என்பது யாது? கணிப்பொறியைத் திறந்தால் நாம் காண்பவை படங்களும் எழுத்துகளும். அவற்றை நடத்துபவரை நாம் காண்பதில்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியருக்கு இதனை விளக்குவது எளிது. காலை ஐந்தரை மணிக்கு எல்லோரும் ஒருசேர எழுகிறோம். குளியலறைகளோ சிலவே. யார் முதலில், எவ்வளவு நேரம், எந்தப் பெட்டி யாருடையது, எந்த அறையின் சாவி எவரிடம் என்றெல்லாம் விடுதிக் காப்பாளர் வகுத்து வைக்காவிடில், பள்ளி மணி அடிக்கும்போது பாதிப் பேர் ஈரத் தலையுடன் நிற்போம். கணிப்பொறிக்குள்ளும் அப்படியே. பாட்டுப் பாடும் நிரல், கடிதம் எழுதும் நிரல், படம் காட்டும் நிரல் ஆகிய எல்லாம் ஒரே செயலியையும் ஒரே நினைவகத்தையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நொடிக்குள் ஒரு சிறு பங்கு நேரம் கொடுத்து, உடனே அடுத்ததை அழைத்து, ஒன்றின் பெட்டியை மற்றொன்று திறவாமல் காக்கும் காப்பாளரே இயங்குதளம். அதன் நடுவில் உள்ள முக்கியப் பகுதியைக் 'கெர்னல்' என்பர். சரியாகச் சொல்லப்போனால் லினக்ஸ் என்பது இந்தக் கெர்னலின் பெயரேயாகும். அம்மாவின் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள்ளும் இருப்பது அதுதான். ஆகவே "லினக்ஸா? அதெல்லாம் பொறியியல் படித்தவர்களுக்கு" என்று கூறும் வீடுகளிலும் அது ஏற்கெனவே அடுக்களை வரை வந்துவிட்டது!

இதன் பாட்டி யூனிக்ஸ். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் அதனை உருவாக்கத் தொடங்கினர். பெல் ஆய்வகம் ஒரு பெரிய தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தது. 1956இல் அமெரிக்க அரசுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அந்நிறுவனம் தொலைபேசித் தொழிலுக்கு வெளியே கணிப்பொறி வியாபாரம் செய்ய இயலாது. எனவே யூனிக்ஸ் சிறு கட்டணத்திற்குப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. மாணவர்கள் அதன் மூல நிரலைப் படித்தனர், திருத்தினர், ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டனர். 1984இல் அந்நிறுவனம் பிரிக்கப்பட்டபோது வியாபாரத் தடையும் நீங்கியது. யூனிக்ஸ் விலைப் பொருளாயிற்று.

ஆண்களின் பெயர்களையே சொல்லிக்கொண்டு போகிறோமே என்று எங்கள் தோழியர் கேட்பார்கள். பெல் ஆய்வகத்தில் லொரிண்டா செரி என்ற பெண்மணியும் பணியாற்றினார். கணக்குப் போடும் 'பிசி' என்ற யூனிக்ஸ் நிரலும், கணிதச் சமன்பாடுகளை அழகாக அச்சிட உதவும் 'இக்யூஎன்' என்ற நிரலும் அவர் பங்குகொண்டு உருவாக்கியவை. அதே பெயருள்ள நிரல்களை இன்றும் லினக்ஸில் காணலாம். பின்னத்தில் இடறுகிற எங்களுக்கு முன்னதன் உதவி பெரிது.

இனி, 'சுதந்திரம்' என்ற பகுதிக்கு வருவோம். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் காகிதம் சிக்கிக்கொண்டால், காத்திருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பும்படி அவர் அதன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். பின்னர் புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதிலும் காகிதம் சிக்கியது; ஆனால் நிரலைத் திருத்த வழியில்லை. மூல நிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரைக் கேட்டபோது, பிறருக்குத் தருவதில்லை என ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். காகிதம் சிக்கியது சிறு விஷயமே. தெரிந்த ஒன்றை அயலாருக்குச் சொல்லக் கூடாது என்று கையெழுத்திடுவதுதான் ஸ்டால்மனின் மனத்தை உறுத்தியது. 1983 செப்டம்பரில், யூனிக்ஸ் போன்றே இயங்கும், ஆனால் எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை எழுதப் போவதாக அவர் அறிவித்தார். அதற்குக் 'குனு' என்று பெயர். 'குனு என்பது யூனிக்ஸ் அன்று' என்பதே அப்பெயரின் விரிவு. விரிவுக்குள்ளேயே மறுபடியும் குனு வருகிறது! கணிப்பொறி வல்லுநர்களின் வேடிக்கை இப்படித்தான் இருக்கும் போலும்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் குறிப்பதால், அவர்கள் எந்நாளும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. தமிழில் இத்தகைய மென்பொருளைக் 'கட்டற்ற மென்பொருள்' என்றே அழைக்கின்றனர்.

கோலத்தை எடுத்துக்கொள்வோம். அடுத்த வீட்டு வாசலில் அழகிய சிக்குக் கோலம் ஒன்றைப் பார்க்கிறோம். முடிந்த கோலத்தை மட்டும் பார்த்து அதைப் போட முயன்றால் இழை எங்கே தொடங்கிற்று என்றே தெரிவதில்லை. "பதினைந்து புள்ளி, எட்டு வரை, இந்த மூலையில் ஆரம்பி" என்று அந்த வீட்டு அக்கா சொல்லிவிட்டால் நாமும் போடலாம்; நடுவில் ஒரு தாமரையை நுழைத்து மாற்றவும் செய்யலாம். முடிந்த கோலம் என்பது கடையில் விற்கும் நிரல். புள்ளிக் கணக்கே மூல நிரல். 1989இல் ஸ்டால்மன் வெளியிட்ட 'பொது மக்கள் உரிமம்' கூறுவது இதுவே: கோலத்தை எடுத்துக்கொள், மாற்று, பிறருக்குக் கொடு; ஆனால் கொடுக்கும்போது புள்ளிக் கணக்கையும் சேர்த்துக் கொடு. வாங்கியவர் அதனை மறைத்து வைக்க இயலாது.

குனுவுக்கு எல்லாம் ஆயத்தமாயின, கெர்னலைத் தவிர. அதனைக் கொடுத்தவர் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 21. 1991 ஆகஸ்ட் 25 அன்று, தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும் அது பெரிதாக வளரப் போவதில்லை என்றும் மிக அடக்கமாக அறிவித்தார். செப்டம்பரில் வெளிவந்த முதல் பதிப்பில் ஏறத்தாழ 10,000 வரிகள் இருந்தன. இன்று 3 கோடிக்கும் மேல்! பெயர்கூட அவர் வைத்ததன்று. அவர் விரும்பியது 'ஃப்ரீயாக்ஸ்' என்ற பெயர். கோப்புகளை வைக்க இடம் கொடுத்த நண்பர் அது பிடிக்காமல் 'லினக்ஸ்' என்று எழுதிவிட்டார். நண்பருக்கு நாம் நன்றி கூறலாம். 1992இல் டோர்வால்ட்ஸ் அதனைப் பொது மக்கள் உரிமத்தின்கீழ் கொண்டுவந்தார். பல நாட்டவரும் வந்து சேர்ந்தனர். இன்று பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்து அதனை எழுதச் செய்கின்றன. "யாரோ சும்மா எழுதியது" என்பது இப்போது பொருந்தாது.

கெர்னலை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் ஒன்றும் செய்ய இயலாது. அரிசியை அப்படியே உண்பார் உண்டோ? அதனோடு மற்றவற்றைச் சேர்த்து இட்லியாக, தோசையாக, ஆப்பமாகத் தருபவர்கள் இருக்கின்றனர். அவ்வாறு தொகுத்துத் தரப்படுவதை 'வழங்கல்' என்பர். 1993இல் தோன்றிய டெபியன், 2004இல் தோன்றிய உபுண்டு, லினக்ஸ் மின்ட் ஆகியவை புகழ்பெற்றவை. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007இல் 'பாஸ்' என்ற வழங்கலை வெளியிட்டனர். அண்டை மாநிலமான கேரளத்தில் பத்தாம் வகுப்பு மாணவியர் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வையே லினக்ஸில்தான் செய்கின்றனர். நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

யூனிக்ஸிடமிருந்து லினக்ஸ் பெற்ற நல்ல பழக்கம் ஒன்று உண்டு. ஒரு சிறு நிரல் ஒரே வேலையைச் செய்யும். அதன் விடையை அடுத்த நிரலிடம் குழாய் வழியே அனுப்பும். நாங்கள் பள்ளிப் பெயர்ப் பட்டியலை ஒரு கோப்பில் இட்டு, 'மேரி' என்று வரும் வரிகளை மட்டும் பொறுக்க ஒரு நிரல், அவற்றை வரிசைப்படுத்த ஒரு நிரல், எண்ண ஒரு நிரல் என மூன்றையும் ஒரே வரியில் கோத்தோம். கண் இமைப்பதற்குள் விடை வந்தது. எத்தனை மேரி என்பதை இங்கே எழுதினால் வகுப்புகளுக்குள் போட்டி மூளும், விட்டுவிடுவோம். இவ்வாறு கட்டளை எழுதுவது விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டுமே. மற்றவர்கள் எப்போதும்போல் படத்தைத் தட்டினால் போதும்.

இவையெல்லாம் இப்போது நம் வீட்டிற்கு ஏன் வேண்டும்? 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. சில கூடுதல் ஏற்பாடுகளைத் தவிர, பாதுகாப்புத் திருத்தங்கள் இனி அதற்கு வருவதில்லை. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11ஐயோ பல பழைய கணிப்பொறிகள் ஏற்பதில்லை. 2011இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பெற்ற மடிக்கணினிகள் எத்தனை வீடுகளில் பரண்மேல் கிடக்கின்றன! எங்கள் தோழி ஒருத்தியின் அக்கா அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார். அவருடைய மடிக்கணினியைப் பார்த்த கடைக்காரர், "பழைய இரும்புக்குப் போடுங்கள், புதிது வாங்குங்கள்" என்றார். அவர்கள் தந்தை ஆட்டோ ஓட்டுகிறார். புதிது என்றால் பல மாத வருமானம். நினைவகம் 2 ஜிபி மட்டுமே உள்ள அந்த மடிக்கணினியில், எங்கள் கணிப்பொறி ஆசிரியையின் மேற்பார்வையில் நாங்கள் லினக்ஸ் மின்டின் எளிய வகையை நிறுவினோம். இணையப் பக்கங்கள் நான்கைந்தை ஒருசேரத் திறந்தால் இப்போதும் அது மூச்சு வாங்குகிறது. ஆயினும் பாடங்களைப் படிக்கவும், குறிப்பு எழுதவும், மாதிரித் தேர்வு எழுதவும் குறைவில்லை. அக்கா நாள்தோறும் அதில்தான் படிக்கிறார்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சில அச்சுப்பொறிகள் லினக்ஸுடன் ஒத்துப்போவதில்லை. கடைக் கணக்குக்கும் படத் திருத்தத்துக்கும் அப்பா பயன்படுத்தும் சில மென்பொருள்களுக்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது. 'லிப்ரே ஆபீஸ்' என்ற நிரலில் வேர்டு கோப்புகளைத் திறக்கலாம். ஆனால் அட்டவணைகள் சிறிது இடம் பெயரும். வைரஸ் தொல்லை குறைவு. காரணம், வழக்கமான பயனருக்கு இயங்குதளத்தின் உள் கோப்புகளைத் தொட உரிமை இல்லை. விடுதியில் நம் பெட்டியின் சாவி நம்மிடம் இருக்கும். பண்டக அறையின் சாவி காப்பாளரிடமே இருப்பதுபோல. ஆனால் தொல்லையே இல்லை என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். அப்பாவின் வேலை அவருடைய பழைய மென்பொருளைச் சார்ந்திருந்தால் அதனை மாற்றும்படி வற்புறுத்த வேண்டாம் என்பது எங்கள் கருத்து. படிக்கும் பிள்ளைகளுக்கும், கடிதம், படம், இணையம் என்று நிற்பவர்களுக்கும் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். தமிழில் எழுத, 1999இல் அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையும் இதில் கிடைக்கிறது. பட்டிகளையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பில் சில சொற்கள் விநோதமாக உள்ளன. அவற்றைத் திருத்தி அனுப்பும் உரிமையும் நமக்கு உண்டு.

நிறுவாமலே சோதித்துப் பார்க்க வழி உண்டு. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் வெறுமையான ஒன்றை எடுக்க வேண்டும். வழங்கலின் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, அதற்கென உள்ள நிரலால் பென் டிரைவில் எழுத வேண்டும். சும்மா நகலெடுத்தால் போதாது. பின் கணிப்பொறியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மீண்டும் இயக்கும்போது தொடக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்த வேண்டும். பலவற்றில் அது எஃப்12. சிலவற்றில் எஃப்9 அல்லது எஸ்கேப். பென் டிரைவைத் தேர்ந்தால் லினக்ஸ் அதிலிருந்தே ஓடும். சற்று மெதுவாகத்தான் ஓடும். ஒலி வருகிறதா, வைஃபை இணைகிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா என்று பார்க்கலாம். 'நிறுவுக' என்ற படத்தை மட்டும் தொட வேண்டாம். குடும்பப் புகைப்படங்களையெல்லாம் வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பிறகே அந்தப் பேச்சு. பார்த்து முடிந்ததும் அணைத்துவிட்டுப் பென் டிரைவை உருவிவிட்டால், கணிப்பொறி பழையபடியே திறக்கும்.