மலைச்சரிவின் அபாயத்தை முன்னறிதல்

மைசூரிலிருந்து தெற்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை குண்டலுபேட்டையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை சுல்தான் பத்தேரி வழியாக வயநாட்டிற்கும், மற்றொன்று பந்திப்பூர், கூடலூர் வழியாக உதகமண்டலத்திற்கும் செல்கின்றது. மேற்கு மலைத்தொடரின் மழை மறைவில் அமைந்த குண்டலுபேட்டையில் மழை மிதமானதே. ஆனால், சாலைகள் சென்று சேரும் மலைகளில் பருவமழை கொட்டித் தீர்க்கும். எனவே, சமவெளியில் வானம் தெளிந்திருப்பதைக் கொண்டு மலைமேல் உள்ள நிலைமையை ஊகித்தல் ஆகாது. மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியரும், மலைச்சரிவுகளில் பணிபுரியும் கள ஊழியரும் இதனை முதற்கண் உணர்தல் வேண்டும்.

பனியும் மண்ணும்

நீலகிரியில் அவலாஞ்சி என்றோர் இடம் உண்டு. பனிச்சரிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதன் பெயராயிற்று. அங்குப் பனிமலை இல்லை. 19ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த பெரும் நிலச்சரிவே அப்பெயருக்குக் காரணம். பெயர் பொருத்தமற்றதன்று, இரு நிகழ்ச்சிகளுக்கும் அடிப்படை ஒன்றே.

இமயத்தில் பனி அடுக்கடுக்காகப் படிகின்றது. அடியில் வலுவற்ற அடுக்கொன்று இருப்பின், புதுப்பனியின் பாரம் ஏறியவுடன் மேலடுக்கு முழுவதும் பலகை போல் வழுக்கி இறங்கும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் தோன்றுகின்றன. ஆதலின், ஆய்வாளர் பனியில் குழி தோண்டி அடுக்குகளைப் பரிசோதிக்கின்றனர். சாய்வை அளந்து, புதுப்பனியின் அளவையும் காற்றின் போக்கையும் குறித்துக்கொள்கின்றனர்.

நம் மலைகளில் பனியின் இடத்தை மழைநீர் வகிக்கின்றது. நீர் மண்ணின் பாரத்தைக் கூட்டுகின்றது. அன்றியும், மண்துகள்களுக்கு இடைப்பட்ட நுண்துளைகளில் நிரம்பி, தன் அழுத்தத்தால் அத்துகள்களின் பிடிப்பைத் தளர்த்துகின்றது. சரிவின் அடிவாரத்தை வெட்டிச் சாலை அமைப்பதும், நீர்வழிகளை அடைப்பதும், ஆழ வேரோடிய மரங்களை அகற்றுவதும் அபாயத்தை மிகுவிக்கின்றன.

வயநாடு அளித்த பாடம்

2024 ஜூலை 30 அன்று விடியுமுன், வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களை நிலச்சரிவு அழித்தது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மேப்பாடியை அடுத்த கள்ளாடியில் 572 மில்லிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். இவ்வாறு கணக்கிட்டால், ஓர் ஏக்கர் நிலத்தின் மீது விழுந்த நீர் சுமார் 2,300 டன் ஆகும்.

சரிவு சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கி, ஓடை வழியே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் பாய்ந்தது. ஆகவே, தாம் நிற்கும் நிலம் சமமாக உள்ளதென்பது மட்டும் பாதுகாப்பாகாது. ஓடையின் மேற்பகுதியையும் நோக்குதல் வேண்டும்.

கல்பற்றாவிலுள்ள ஹியூம் மையம், தனது மழைமானிகளின் பதிவைக் கொண்டு முந்தைய நாளே எச்சரித்திருந்தது. தினந்தோறும் எடுக்கப்படும் எளிய அளவீட்டின் மதிப்பு இதனால் விளங்கும்.

செய்யத்தக்கவை

பள்ளியிலும் முகாமிலும் ஒரு மழைமானி இருத்தல் நன்று. அடிப்பாகம் தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள பாத்திரமும் ஓர் அளவுகோலும் தொடக்கத்திற்குப் போதும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து, அன்றைய மழையுடன் முந்தைய நாட்களின் மழையையும் கூட்டி எழுதிவர வேண்டும். ஏற்கெனவே ஊறிய மண்ணுக்குச் சிறு மழையும் பெருஞ்சுமையாகலாம். கோணமானியின் மையத்தில் நூற்குண்டைத் தொங்கவிட்டுச் சரிவின் சாய்வை மாணவரே அளக்கலாம்.

நிலத்தில் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாய்ந்த மரங்களும் கம்பங்களும், திடீரெனக் கலங்கிய ஊற்று, மழை பெய்யும்போதே நீர் குறைந்த ஓடை ஆகியவை அபாயக் குறிகள். ஓடை வற்றுவது, மேலே மண் விழுந்து நீரைத் தடுத்திருப்பதைக் காட்டக்கூடும். இக்குறிகளுள் ஒன்றைக் கண்டாலும், ஓடை வழியை விட்டுப் பக்கவாட்டில் விலகி உயரமான இடத்தை அடைதல் வேண்டும். ஆராய்ச்சி பின்னர் ஆகட்டும்.

இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 2020 முதல் நீலகிரி, டார்ஜிலிங் மாவட்டங்களுக்குச் சோதனை முறையில் நிலச்சரிவு முன்னறிவிப்பு வழங்கத் தொடங்கியது. 2024 ஜூலையில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் கொல்கத்தாவில் திறக்கப்பெற்றது. எனினும், முன்னறிவிப்பு ஒரு வட்டாரம் முழுமைக்கும் உரியது. ஒரு குறிப்பிட்ட சரிவில் இன்று காலை தோன்றிய வெடிப்பை அங்குள்ளவரே காண இயலும். அவ்வெடிப்பைக் கண்டவர் உடனே தெரிவித்தால் உயிர்கள் காக்கப்படும்.