2025-ல யுபிஐ-ல என்னென்ன மாறிச்சு? சம்பளம் வாங்குற நாம கவனிக்க வேண்டியவை



2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. மதியம் பன்னெண்டு மணி இருக்கும். அம்மாவோட பிரஷர் மாத்திரை முந்தின நாளே தீர்ந்துபோச்சு. தெருமுனை மெடிக்கல்ல மாத்திரை வாங்கிட்டு, வழக்கம்போல போனை எடுத்து ஸ்கேன் பண்ணேன். வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. இன்னொரு ஆப்ல பண்ணேன், அதுவும் அதே கதை. பர்ஸ் வீட்டுல. பாக்கெட்ல பத்து ரூபா கூட இல்ல.

மாசாமாசம் சம்பளம் வருது, அக்கவுண்ட்ல பணம் இருக்கு. ஆனா 180 ரூபா மாத்திரைக்கு வழியில்லாம நிக்கிறேன். கடைக்கார அண்ணன் என் முகத்தைப் பாத்துட்டு, "எடுத்துட்டுப் போங்க தம்பி, சாயங்காலம் குடுங்க"ன்னு சொல்லி நோட்டுல எழுதிக்கிட்டார். அவருக்கு என்னைத் தெரியும், அதனால பிழைச்சேன். தெரியாத ஊரா இருந்திருந்தா?

அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. என் போன்ல மூணு ஆப் இருக்கு, மூணு பேங்க் அக்கவுண்ட் இருக்குன்னு தைரியமா இருந்தேன். ஆனா எல்லாத்துக்கும் பின்னாடி இருக்கிற குழாய் ஒண்ணுதான். அந்தக் குழாயை நடத்துறவங்க 2025-ல என்னென்ன மாத்தினாங்க, அதுல நம்ம பாக்கெட்டைத் தொடுறது எது, இதைத்தான் இந்தப் பதிவுல பாக்கப் போறோம்.

முதல்ல, என்பிசிஐ-னா யாரு?

நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா. ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் சேர்ந்து 2008-ல ஆரம்பிச்ச, லாப நோக்கம் இல்லாத நிறுவனம். நிறைய பேர் இது யுபிஐ மட்டும்னு நினைக்கிறாங்க. ஐஎம்பிஎஸ், ரூபே கார்டு, ஃபாஸ்டேக், பேங்குக்குப் பேங்கு செக் கிளியரிங், மாசாமாசம் உங்க இஎம்ஐ-யையும் எஸ்ஐபி-யையும் இழுக்கிற நாச், எல்லாமே இவங்க கைலதான். அதாவது சம்பளம் வந்த நாள்ல இருந்து மாசக் கடைசி டீ வரைக்கும் நம்ம பணம் இவங்க வழியாத்தான் போகுது.

குழாயடி நெரிசல்

மார்ச் 26 சாயங்காலம் ஒரு தடவை, ஏப்ரல் மாசம் மறுபடியும்னு சில வாரத்துக்குள்ளயே யுபிஐ அடுத்தடுத்து தடுமாறிச்சு. ஏப்ரல் 12-க்கு என்ன காரணம்னு ஆராய்ஞ்சப்போ வந்த பதில் சுவாரஸ்யமானது. ஜனங்க அதிகமா பணம் அனுப்பினது மட்டும் பிரச்சினை இல்ல. "அந்தப் பணம் போயிடுச்சா? போயிடுச்சா?"ன்னு சில பேங்குகளோட சிஸ்டம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்தான் குழாயை அடைச்சிடுச்சு.

நம்ம தெருக் குழாயடியை நினைச்சுப் பாருங்க. தண்ணி பிடிக்க வந்த குடத்தை விட, "தண்ணி வந்துச்சா?"ன்னு எட்டிப் பாக்க வந்த தலைங்க அதிகமானா என்ன ஆகும்? குடத்தோட நிக்கிறவங்களுக்கு வழி கிடைக்காது. அதேதான் இங்கயும்.

அதுக்கப்புறம் வந்த பல விதிகள் இந்த நெரிசலைக் குறைக்கத்தான். ஜூன் 16-ல இருந்து, பேங்குகளும் ஆப்களும் 30 வினாடிக்குள்ள சொல்ல வேண்டிய பதிலை 15 வினாடிக்குள்ள சொல்லணும். பணம் போச்சா இல்லையான்னு பாக்கிற கேள்விக்கு 10 வினாடி. ஆகஸ்ட் 1-ல இருந்து ஒரு ஆப்ல ஒரு நாளைக்கு 50 தடவைதான் பேலன்ஸ் பாக்கலாம். உங்க நம்பரோட சேர்ந்த அக்கவுண்ட் பட்டியலை 25 தடவைதான் எடுக்கலாம். பெண்டிங்ல நிக்கிற பேமென்ட்டோட நிலையை 3 தடவைதான் பாக்க முடியும், ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல 90 வினாடி இடைவெளி வேணும்.

"50 தடவை யாருப்பா பேலன்ஸ் பாப்பாங்க?"ன்னு சிரிக்காதீங்க. மாசக் கடைசி வாரத்துல நம்ம என்ன பண்றோம்னு நமக்கே தெரியும்!

உங்க எஸ்ஐபி, ஓடிடி பணம் எப்போ போகும்?

சம்பளக்காரங்களை நேரடியா தொடுற மாற்றம் இது. ஆகஸ்ட் 1-ல இருந்து ஆட்டோபே பணம் நெரிசல் இல்லாத நேரத்துலதான் இழுக்கப்படும். அதாவது காலை 10 மணிக்கு முன்னாடி, மதியம் 1-ல இருந்து 5 வரைக்கும், ராத்திரி 9:30-க்கு அப்புறம். ஒரு தடவை முயற்சி பண்ணி தோத்தா, இன்னும் 3 தடவைதான் முயற்சி.

"சம்பளம் மதியம்தான் வரும், வந்ததும் அந்த அக்கவுண்ட்டுக்கு மாத்திக்கலாம்"னு இருந்தவங்க உஷாரா இருங்க. காலைலயே இழுக்க முயற்சி நடந்து, பணம் இல்லாம திரும்பினா, சில இடத்துல பவுன்ஸ் சார்ஜ் விழும். முந்தின நாள் ராத்திரியே பணம் இருக்கிற மாதிரி பாத்துக்குங்க. முடிஞ்சா எஸ்ஐபி தேதியை சம்பள தேதிக்கு மூணு நாலு நாள் தள்ளி வைங்க. நாச் வழியா போற இஎம்ஐ-க்கும் இதே கணக்குதான். அது 2021 ஆகஸ்ட்ல இருந்து ஞாயிறு, பேங்க் லீவு நாள்லயும் ஓடுது. "இன்னைக்கு லீவு, இழுக்க மாட்டாங்க"ங்கிற காலம் போயாச்சு.

ஆட்டோபே விஷயத்துல ஒரு நல்ல செய்தியும் இருக்கு. அக்டோபர்ல வந்த சுற்றறிக்கைப்படி, எந்த ஆப்ல போட்ட ஆட்டோபேயா இருந்தாலும் எல்லாத்தையும் ஒரே ஆப்ல பாக்கலாம், வேற ஆப்புக்கு மாத்திக்கலாம். ஆப்கள் இதைச் செய்ய டிசம்பர் 31 வரைக்கும் கெடு குடுத்தாங்க. ஒரு தடவை உக்காந்து பட்டியலைப் பாருங்க. போகாத ஜிம், பாக்காத ஓடிடி எல்லாம் வரிசையா நிக்கும். என் பட்டியல்ல மறந்தே போன ரெண்டு சந்தா இருந்துச்சு. ரெண்டையும் அன்னைக்கே நிறுத்தினேன்.

ஏமாத்துறவங்களுக்கு மூடின கதவு

அக்டோபர் 1-ல இருந்து தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு அனுப்புற "கலெக்ட் ரிக்வெஸ்ட்" கிடையாது. பழைய சோபாவை ஆன்லைன்ல விக்கப் போட்டிருப்போம். வாங்குறவர் மாதிரி ஒருத்தர் பேசி, "பணம் அனுப்பியிருக்கேன், பின் போட்டு வாங்கிக்குங்க"ன்னு சொல்வார். நம்ம பின் போட்டதும் நம்ம பணம் போயிடும். அந்த வழியை அடைச்சாச்சு. ஆனா கடைகளும் நிறுவனங்களும் அனுப்புற கலெக்ட் ரிக்வெஸ்ட் 2025-ல தொடர்ந்துச்சு. அதனால பழைய பாடம் அப்படியேதான் இருக்கு: பணம் வாங்க பின் தேவையில்ல. பின் போட்டா பணம் போகுதுன்னுதான் அர்த்தம்.

ஜூன் 30-ல இருந்து இன்னொண்ணு. பணம் அனுப்பும்போது எதிர்ல தெரியிற பேர், அவங்களோட பேங்க் ரெக்கார்டுல இருக்கிற பேராத்தான் இருக்கணும். ஆப்ல அவங்களா வச்சுக்கிட்ட பேரோ, நம்ம போன்ல சேமிச்ச பேரோ இல்ல. "ஹவுஸ் ஓனர் அங்கிள்"னு சேமிச்ச நம்பருக்கு அனுப்பும்போது வேற யாரோ பேர் வந்தா, அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுக் கேளுங்க. தப்பான ஆளுக்கு நீங்களே பின் போட்டு அனுப்பினா, அவங்க சம்மதிச்சாத்தான் பெரும்பாலும் பணம் திரும்பும். பணம் போனதுக்கு அப்புறம் கெஞ்சுறதை விட, முன்னாடி பேரைப் படிக்கிறது சுலபம்.

ஏப்ரல் 1-ல இருந்து, கைமாறின, செயல்படாத மொபைல் நம்பர்களை பேங்குகளும் ஆப்களும் வாராவாரம் சரிபார்க்கணும்னு விதி வந்துச்சு. இதுல வேலை மாறுறவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கம்பெனி குடுத்த சிம்மை பேங்க்ல குடுத்து வச்சிருந்தா, ரிசைன் பண்றதுக்கு முன்னாடியே சொந்த நம்பருக்கு மாத்திடுங்க. அந்த நம்பர் நாளைக்கு வேற ஒருத்தர் கைக்குப் போகும்.

பெரிய தொகை, விரல் ரேகை, செக்

செப்டம்பர் 15-ல இருந்து இன்சூரன்ஸ் பிரீமியம், பங்குச்சந்தை முதலீடு மாதிரி சில வகைகளுக்கு ஒரு தடவைக்கு 5 லட்சம், ஒரு நாளைக்கு 10 லட்சம் வரைக்கும் யுபிஐ-ல கட்டலாம். நண்பருக்கோ வீட்டுக்கோ அனுப்புற வரம்பு பழையபடி 1 லட்சம்தான். உங்க பேங்க் இதை விடக் குறைவாவும் வச்சிருக்கலாம்.

அக்டோபர்ல, பின்னுக்குப் பதிலா விரல் ரேகை, முகம் வச்சு பணம் அனுப்புற வசதியை அறிமுகம் பண்ணாங்க. ஆரம்பத்துல 5,000 ரூபாய் வரைக்கும். வேணும்னா மட்டும் வச்சுக்கலாம். உங்க போன்ல வீட்டுல இருக்கிற மத்தவங்க விரல் ரேகையும் பதிஞ்சிருந்தா, யோசிச்சு முடிவெடுங்க.

செக் புக் பக்கமே போகாதவங்களும் இதைப் படிங்க. அக்டோபர் 4-ல இருந்து செக் அன்னன்னைக்கே பாஸ் ஆகணும். அன்னைக்கு வர்ற செக்குகளுக்கு, பணம் குடுக்க வேண்டிய பேங்க் ராத்திரி 7 மணிக்குள்ள பதில் சொல்லணும். சொல்லலைன்னா ஒத்துக்கிட்டதா கணக்கு. "இன்னைக்கு செக் குடுத்துட்டு நாளைக்குப் பணம் போட்டுக்கலாம்"ங்கிற பழைய வித்தை இனி எடுபடாது.

இலவசம்னா செலவு யாருக்கு?

2025 ஆகஸ்ட் மாசம் மட்டும் யுபிஐ-ல 2,000 கோடிக்கும் மேல பரிவர்த்தனை நடந்துச்சு. கிட்டத்தட்ட 24.85 லட்சம் கோடி ரூபாய். ஆனா 2020 ஜனவரியில இருந்து, பேங்க் அக்கவுண்ட்ல இருந்து நேரா போற யுபிஐ-க்கு கடைக்காரர்கிட்ட கட்டணம் வாங்கக் கூடாது. சின்னக் கடைகள்ல நடக்கிற சிறு தொகை பேமென்ட்டுகளுக்காக 2024-25 நிதியாண்டுக்கு மத்திய அரசு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை ஒதுக்கிச்சு. யுபிஐ-க்குக் கட்டணம் வரப்போகுதுன்னு ஜூன்ல செய்தி பரவினப்போ, நிதி அமைச்சகம் அதை மறுத்துச்சு.

என் கருத்து இதுதான். ஒரு பொருளுக்கு விலை வைக்க முடியலைன்னா, அளவுதான் வைப்பாங்க. ரேஷன் கடை மாதிரி. 50 தடவை பேலன்ஸ், 3 தடவை ஸ்டேட்டஸ், ஆட்டோபேக்கு நேரம், எல்லாமே அளவுதான். தப்புன்னு சொல்லல. இது எல்லையில்லாத குழாய் இல்லங்கிறதை மனசுல வச்சு நம்ம பணத்தைத் திட்டமிடணும், அவ்வளவுதான்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

1. பர்ஸ்ல 500 ரூபாயும் ஒரு டெபிட் கார்டும் எப்பவும் இருக்கட்டும்.

2. சின்னச் செலவுக்கு யுபிஐ லைட் வச்சுக்குங்க. 5,000 ரூபாய் வரைக்கும் போட்டு வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரைக்கும் பின் இல்லாம செலவு பண்ணலாம். உங்க பேங்க் சர்வர் படுத்தாலும் இது பெரும்பாலும் கை குடுக்கும். ஆனா மொத்தக் குழாயும் நின்னா இதுவும் நிக்கலாம், அதனால முதல் பாயிண்ட்டை விட்டுடாதீங்க.

3. ஆட்டோபே பட்டியலைத் திறந்து, வேண்டாததை நிறுத்துங்க.

4. பணம் கழிஞ்சு எதிர்ல போய்ச் சேரலைன்னா பதறி உடனே மறுபடி அனுப்பாதீங்க. ஆளுக்கு அனுப்பினதா இருந்தா அடுத்த நாளுக்குள்ளயும், கடைக்குக் கட்டினதா இருந்தா 5 நாளுக்குள்ளயும் தானா திரும்பணும். தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு குடுக்கணும்னு ரிசர்வ் வங்கி விதியே இருக்கு. பேங்க்ல கேளுங்க, அது உங்க உரிமை.

5. ஏமாந்துட்டீங்கன்னு தெரிஞ்ச அடுத்த நிமிஷமே 1930-க்குக் கூப்பிடுங்க. வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளினா, பணம் பத்து கை மாறிடும்.

அன்னைக்கு சாயங்காலம் யுபிஐ சரியாயிடுச்சு. ஆனா நான் நோட்டாவே 180 ரூபாயைக் கொண்டுபோய்க் குடுத்தேன். அண்ணன் சிரிச்சுக்கிட்டே நோட்டுல என் பேரை அடிச்சார்.

ஆட்டோபே பட்டியலை எப்படிப் பாக்கிறது, யுபிஐ லைட் எப்படி ஆன் பண்றதுன்னு நம்ம சேனல்ல ஸ்கிரீனோட காட்டியிருக்கேன், பாத்துடுங்க. ஏப்ரல் 12 அன்னைக்கு நீங்க எங்க மாட்டினீங்க? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!