கல்லீரல் சமைக்கும் மாற்று உணவு

மனித மூளையின் எடை ஏறக்குறைய 1,400 கிராம். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் நாம் சும்மா படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதன் அன்றாட உணவு குளுக்கோஸ். கல்லீரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்போ ஒரு நாள் பட்டினிக்கே கரைந்துவிடும். அப்படியிருக்க, பஞ்ச காலங்களில் மனிதன் நினைவு தப்பாமல் பிழைத்தது எப்படி?

படைத்தவன் அதற்கும் வழி வைத்திருக்கிறான். உடம்பில் கொழுப்பு இருந்தாலும் அதை மூளை நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ள முடிவதில்லை. ஆகவே கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களாக்கி ரத்தத்தில் விடுகிறது. மூளையைக் காக்கும் தடுப்பு அவற்றுக்கு வழி விடுகிறது. இதில் இன்னொரு விந்தை: கீட்டோனை எரிக்கத் தேவையான நொதி கல்லீரலில் இல்லை. பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டுத் தான் ஒரு கவளமும் தொடாத சமையல்காரர் அது. நீண்ட பட்டினியில் மூளைக்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கு மேல் கீட்டோனே தருகிறது என்பதை ஜார்ஜ் காஹில் குழுவினர் 1967இல் காட்டினார்கள்.

பட்டினி கிடந்தால் வலிப்பு அடங்குவதைப் பழங்கால மருத்துவர்களும் கண்டிருந்தார்கள். பட்டினி போடாமலே அந்தப் பலனைப் பெறலாமா என்று யோசித்த அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர், 1921இல் கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவை முன்வைத்தார். மாத்திரைகள் பெருகியதும் அது பின்னுக்குப் போனது. பிறகு குழந்தைகளின் வலிப்புக்கு மீண்டும் வந்தது. இப்போது பெரியவர்களின் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது.

சிலருக்கு வலிப்பு நிற்பதே இல்லை. ஊசி மருந்துகள் தோற்று, மயக்க மருந்து கொடுத்து 24 மணி நேரம் கடந்தும் மூளையின் மின் கொந்தளிப்பு ஓய்வதில்லை. வலிப்பு நீளும்போது, அதை அடக்கும் மருந்து வந்து பற்ற வேண்டிய ஏற்பிகளை நரம்பணுக்கள் உள்ளே இழுத்துக்கொள்வது இதற்கு ஒரு காரணம்.

அந்த நிலையில் மூக்குக் குழாய் வழியே கீட்டோஜெனிக் உணவு தொடங்குகிறது. பெரும்பாலும் புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம் என்றால் கொழுப்பு 4 கிராம். குளுக்கோஸ் பாட்டில் இறங்கி, உப்புநீர் பாட்டில் ஏறுகிறது. சிரப்பில் கலந்த இனிப்பு, மாத்திரையில் சேர்ந்த மாவு வரை கணக்குப் பார்க்கிறார்கள். சிறுநீரில் தோய்த்த பரிசோதனைப் பட்டை ஊதா நிறமாக மாறினால் கல்லீரல் வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் மெக்கன்சி செர்வென்கா தலைமையில் பல மருத்துவமனைகள் இப்படி 15 பெரியவர்களுக்குச் சிகிச்சை அளித்து, 2017இல் முடிவை வெளியிட்டன. சிகிச்சையை முடித்த 14 பேரில் 11 பேருக்கு இடைவிடாத வலிப்பு நின்றது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை, மற்ற மருந்துகளும் கூடவே ஓடின. ஆகவே இது முடிந்த முடிவல்ல. ஆனாலும், பஞ்சத்துக்கென்று உடம்பில் வைக்கப்பட்ட ஏற்பாடு இங்கேயும் கைகொடுப்பதைப் பார்க்கும்போது கை கூப்பத் தோன்றுகிறது. மருத்துவம் இதைப் புதிதாகப் படைக்கவில்லை, இருந்ததைக் கண்டுகொண்டது.

இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. கொழுப்பை எரிக்கும் திறனில் பிறவிக் குறை உள்ளவர்களுக்கு இந்த உணவே ஆபத்து. புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஓடும்போதும் இதைத் தவிர்ப்பார்கள். வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.