சிவப்பு விளக்கு சொன்ன சேதி



"இன்ஜினியர் வர்றாருன்னு இன்னைக்கும் வேலைக்குப் போகல அண்ணே. இதோட மூணு நாள் சம்பளம் போச்சு!"

செர்டாங்கில் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி இப்படிச் சொல்லி அலுத்துக்கொண்டார். கணவன், மனைவி இருவருக்கும் செம்பனைத் தோட்டத்தில் வேலை. மகள் படிவம் ஐந்து, இந்த வருஷம் எஸ்.பி.எம். எழுதப் போகிறாள். மாலையில் அவளுக்கு இயங்கலை டியூஷன். அதற்காகவே வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வீட்டுக்கு இணையம் போட்டார்கள். ஆனால் நடந்தது என்ன? சாயங்காலம் காற்றும் மழையும் வந்தால் போதும், இணையம் அறுந்துவிடும். வாத்தியார் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்து நின்றுவிடும்.

புகார் செய்தார்கள். ஆள் வந்தார், ஆனால் பகலில் வந்தார். பகலில் குதிரை மாதிரி ஓடிய இணையம் மாலையில் பழையபடி படுத்துக்கொண்டது. இரண்டு தடவை இதே கதை!

ஒரு நாள் வேலை போனால் என்ன என்று பட்டணத்தார் கேட்கலாம். 2025-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் ஆனது. வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு அது ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் 38 சென். நாள் கணக்கில் கூலி வாங்கும் குடும்பத்தில் ஒருவர் மூன்று நாள் காத்துக் கிடந்தால் எவ்வளவு நட்டம்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்!

மூன்றாவது தடவை நானும் அங்கே இருந்தேன். வந்தவர் நம்ம பையன்தான். "தம்பி, நீங்க வந்தா மட்டும் நல்லா ஓடுது!" என்றார் தங்கச்சி. அவர் சிரித்தார். அப்போது மகள் ஒரு பள்ளி நோட்டை நீட்டினாள். எந்த நாள், எத்தனை மணிக்கு அறுந்தது, எப்போது திரும்ப வந்தது, எந்த விளக்கு எரிந்தது என்று இரண்டு வாரக் கணக்கு அதில் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் 'காற்று', 'எல்.ஓ.எஸ். சிவப்பு' என்று எழுதியிருந்தாள்.

தம்பியின் முகம் மாறியது. "இது வீட்டுக்குள்ள உள்ள கோளாறு இல்ல அக்கா, வெளியே பார்க்கணும்" என்று எழுந்தார். வாசலில் ரம்புத்தான் மரம். அதன் கிளை ஒன்று கேபிள் மேலே சாய்ந்து கிடந்தது. கேபிளில் மீட்டரை மாட்டினார். மைனஸ் 22 காட்டியது. காற்றடிப்பது போல் மூங்கில் கழியால் கிளையை அழுத்தச் சொன்னார். மீட்டர் மைனஸ் 30-க்கு இறங்கியது! வெளிச்சம் மைனஸ் 27-க்கும் கீழே போனால் மோடத்துக்குப் பொதுவாகப் பத்தாது. கூரை ஓரத்தில் கேபிள் மடங்கி நசுங்கிப் போயிருந்தது. அதை மாற்றிக் கட்டினார், கிளையை வெட்டினார்கள். அன்று முதல் நிம்மதி.

ஏன் அப்படி? ஃபைபர் கேபிளுக்குள் செம்புக் கம்பி கிடையாது, கண்ணாடி இழைதான் இருக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் வெளிச்சம் ஓடுகிறது. இழை கூர்மையாக மடங்கினால் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். பால் வெட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? வெட்டு சரியில்லை என்றால் பால் மங்குக்கு வராது, வழியிலேயே ஒழுகிவிடும். அதே கதைதான்!

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது, தண்ணீர் புகாமல் அதற்கு மேலே பூசியது கெத்தா பெர்ச்சா என்னும் மரப்பால். அந்த மரம் இந்த மலாயாக் காட்டு மரம்தான். இந்த மண்ணின் பால் அன்றைக்கே உலகத்தை இணைத்தது. இன்று அதே மண்ணில் உழைப்பவர் வீட்டில் இணையம் அறுந்து கிடக்கலாமா?

ஆகவே தோழர்களே, கவனியுங்கள்.

எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சம் வீட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். அதை உங்களால் சரிசெய்ய முடியாது, உடனே புகார் செய்யுங்கள். சிவப்பு இல்லாமலே இணையம் மந்தமாக இருந்தால் மடிக்கணினியை வயர் போட்டு ரூட்டரில் மாட்டிப் பாருங்கள். வயரில் நன்றாக ஓடினால் குற்றம் வைஃபையில். ரூட்டரை இரும்பு அலமாரிக்குள்ளோ தொலைக்காட்சிக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காதீர்கள், வீட்டின் நடுவே உயரமாக வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். பின்னறைக்கு 2.4 போதும்.

அறுந்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள். சிவப்பு விளக்கைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். புகார் எண்ணை வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள். வந்தவர் மீட்டரில் என்ன காட்டியது என்று கேளுங்கள். உங்கள் கண்ணால் சோதித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். மின்சாரக் கம்பி பக்கத்தில் இருந்தால் அலுமினியக் கழியால் கிளை வெட்டப் போகாதீர்கள், உயிர் போய்விடும்!

அப்படியும் கவனிக்கவில்லையா? மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் 1998 முதல் இருக்கிறது. புகார் எண்ணோடும் நோட்டோடும் அங்கே முறையிடுங்கள்.

2020-ல் சபாவின் பித்தாஸ் பகுதியில் ஒரு மாணவி இணையம் கிடைக்காமல் மரத்தில் ஏறிப் பரீட்சை எழுதினாள். நாடே பார்த்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வரக்கூடாது.

வாயால் சொன்னது இரண்டு தடவை காற்றோடு போனது. நோட்டில் எழுதியது ஒரே நாளில் வேலையை முடித்தது. அந்த மகள் இப்போது மழை பெய்தாலும் பாடம் கேட்கிறாள்.