குடிமல்லம்: கல்லில் எழுதிய ஊர்க்கணக்கு

பழைய கோயில் சுவரைப் பார்த்திருப்பீர்கள். கல்லில் வரிவரியாக எழுத்து இருக்கும். பலர் அதை வெறும் கீறல் என்று நினைப்பார்கள். அது கீறல் அல்ல. ஊர்க்கணக்கு.

திருப்பதிக்குப் பக்கத்தில், ஏர்ப்பேடு மண்டலத்தில் ஒரு சிறிய ஊர் குடிமல்லம். பொன்முகலி ஆற்றுக்கு அருகில் இருக்கிறது. அங்கே பரசுராமேசுவரர் கோயில் உள்ளது. கருவறை பள்ளத்தில் இருக்கிறது. லிங்கத்தின் உயரம் சுமார் 5 அடி. அதில் சிவன் நிற்கிறார். ஒரு கையில் ஆடு. மறு கையில் சிறிய பாத்திரம். தோளில் கோடாலி. இந்த லிங்கம் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

கோயிலில் கல்வெட்டுகளும் உண்டு. பல்லவர், பாணர், சோழர் காலத்தவை. பல தமிழில் உள்ளன. அவற்றில் 'குடிமல்லம்' என்ற பெயரே இல்லை! 'திருவிப்பிரம்பேடு' என்று இருக்கிறது. ஊரின் பழைய பெயரைக் கல்தான் காத்து வைத்தது. விக்கிரம சோழன் காலத்தில், சுமார் 1126-இல், கோயிலைப் புதுப்பித்துக் கட்டியதும் கல்வெட்டால்தான் தெரிகிறது.

பொதுவாகக் கல்வெட்டில் என்ன எழுதுவார்கள்? யார் நிலம் கொடுத்தார்? நிலத்தின் நான்கு எல்லை எது? விளக்கு எரிக்க எத்தனை ஆடு, எவ்வளவு பொன் கொடுத்தார்? இன்று நாம் பத்திரம் எழுதுகிறோம். அன்று கல்லில் வெட்டினார்கள்.

பழைய எழுத்தை எப்படிப் படிக்கிறார்கள்? கல்லைக் கழுவுவார்கள். ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டுவார்கள். எழுத்துப் பள்ளத்தில் காகிதம் பதியும். மேலே மை ஒற்றுவார்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து தெரியும். இதற்குப் 'படி எடுத்தல்' என்று பெயர்.

குடிமல்லம் கோயிலை 1954 முதல் மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கிறது. எல்லா ஊர்க் கோயிலுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. திருப்பணி என்று சொல்லிக் கல்வெட்டு மேல் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். சிமெண்ட் பூசுகிறார்கள். கல்லை உடைத்துப் படிக்கட்டாகப் போடுகிறார்கள். உடைந்த கல்லுக்கு நகல் கிடையாது. ஊரின் பத்திரம் அதோடு போய்விடும்.

நாம் என்ன செய்யலாம்? எழுத்துள்ள கல்லை உடைக்க விடக் கூடாது. பெயின்ட் அடிக்க விடக் கூடாது. ஊராட்சியிடம் சொல்லலாம். தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடலாம். இப்போதுதான் நமக்கு எழுதத் தெரியுமே!

கலந்து பேசுவோம்

1. உங்கள் ஊரில் எழுத்துள்ள கல் எங்கே இருக்கிறது?
2. உங்கள் ஊருக்குப் பழைய பெயர் உண்டா? பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள்.