கணினிகளுக்கு மணி சொல்லும் கணினி



பெரட்டு மணி என்றால் என்னவென்று தோட்டப்புறத்தில் வாழ்ந்த பெரியோர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது புலருமுன் எழும் அவ்வோசை கேட்டு லயங்கள் விழித்தன. வீட்டுக்கு வீடு கடிகாரம் இருந்ததோ இல்லையோ, தோட்டம் முழுமைக்கும் மணி ஒன்றே. அம்மணி தவறினால் பலருடைய வேலையும் கூலியும் தவறும்.

இன்று பள்ளிக் கணினி அறையிலும், அலுவலகங்களிலும், ஆலைகளிலும் அதே தேவை எழுந்துள்ளது. அங்குள்ள கணினிகள் அனைத்திற்கும் மணி சொல்ல ஒரு கணினியை அமர்த்துகிறார்கள். அதற்கு நேர வழங்கி என்று பெயர். அது எவ்வாறு இயங்குகிறது, அதனை எவ்வாறு அமைப்பது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நேரம் ஏன் தவறுகிறது?

ஒவ்வொரு கணினியின் உள்ளும் குவார்ட்ஸ் என்னும் படிகத்தின் அதிர்வை எண்ணி நேரம் காட்டும் சிறு கடிகாரம் உண்டு. வெப்பத்தாலும் பழமையாலும் அவ்வதிர்வு சற்றே மாறும். பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு மட்டுமே பிசகினாலும், ஒரு நாளின் 86,400 நொடிகளில் ஏறத்தாழ 0.86 நொடி தவறும். ஒரு மாதத்தில் அது 26 நொடியாகும். ஒரு கணினி முந்தும், மற்றொன்று பிந்தும். உள்ளிருக்கும் நாணய வடிவ பேட்டரி தளர்ந்து விட்டாலோ, நீண்ட விடுமுறைக்குப் பின் கணினி பல ஆண்டுகள் பின்தங்கி விழித்தெழும்.

இதனால் விளையும் இடர் சிறிதன்று. பாதுகாப்பான இணையத்தளங்கள் தம்மை மெய்ப்பிக்க ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அது எந்நாள் முதல் எந்நாள் வரை செல்லும் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். தேதி தவறிய கணினி அதனைச் செல்லாத சான்றிதழ் எனக் கருதி ஏற்க மறுத்துவிடும். வேலையிடத்து வருகைப் பதிவு இயந்திரம் காலையில் ஐந்து நிமிடம் முந்தி ஓடினால், நேரத்தோடு வந்தவரும் பிந்தி வந்தவர் ஆவார். மாலையில் அது பிந்தி ஓடினால், மிகுதிநேர உழைப்பு கணக்கில் குறையும்.

சரியான நேரம் எங்கிருந்து வருகிறது?

சீசியம் என்னும் தனிமத்தின் அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு நொடி என்று 1967ஆம் ஆண்டில் உலக நாடுகள் வரையறுத்தன. இவ்வாறு அணுவைக் கொண்டு நேரம் காட்டுவது அணுக் கடிகாரம். மலேசியாவின் திட்ட நேரத்தைச் சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் கழகம் காத்து வருகிறது. அது சிரிம் நிறுவனத்தைச் சேர்ந்தது.

அணுக் கடிகாரம் சுழியப் படி எனப்படும். அதனோடு நேரே இணைந்த கணினி முதற்படி. முதற்படியிடம் கேட்டு அறிவது இரண்டாம் படி. இப்படியே பதினைந்து படிகள் வரை நேரம் கைம்மாறி இறங்கி வரும். பதினாறு என்று ஒரு கணினி கூறினால், தனக்கே சரியான நேரம் தெரியாது என்பது பொருள்.

கணினிகள் நேரத்தைக் கேட்டுப் பெறும் முறைக்கு நெட்வொர்க் டைம் புரோட்டோகால் என்று பெயர், சுருக்கமாக என்.டி.பி. எனலாம். இதனை வகுத்தவர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய டேவிட் மில்ஸ் (1938-2024) ஆவார். பிறவியிலேயே கண்ணோய் உற்ற அப்பெரியார் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையின் வழியில்தான் இன்றும் எண்ணற்ற கணினிகள் நேரம் அறிகின்றன.

கணக்கிடும் முறை

'மணி என்ன?' என்று கேட்டு விடை வந்து சேர்வதற்குள் நேரம் நகர்ந்து விடுமே என்று நீங்கள் வினவலாம். அதற்கும் வழியுண்டு. ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

வீட்டுக் கடிகாரத்தில் 8.00 மணிக்கு ஒரு சிறுவன் தோட்ட அலுவலகத்திற்குப் புறப்படுகிறான். அங்குச் சேரும்போது அலுவலகக் கடிகாரம் 8.10 காட்டுகிறது. கிராணியாரிடம் பேசிவிட்டு அக்கடிகாரத்தில் 8.12க்குப் புறப்படுகிறான். வீடு திரும்பும்போது வீட்டுக் கடிகாரமும் 8.12 காட்டுகிறது. அவன் வெளியே இருந்தது 12 நிமிடம். அலுவலகத்தில் நின்றது 2 நிமிடம். ஆகவே நடந்தது 10 நிமிடம். ஒரு வழிக்கு 5 நிமிடம். அலுவலகத்தை விட்டபோது 8.12 என்றால், வீடு சேர்ந்தபோது உண்மையான நேரம் 8.17. வீட்டுக் கடிகாரம் 5 நிமிடம் பிந்தி ஓடுகிறது!

கணினிகளும் இந்நான்கு நேரங்களைக் குறித்தே இக்கணக்கைப் போடுகின்றன. ஆனால் போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் எடுக்கும் என்பது இதில் ஓர் அனுமானம். போகும்போது மேடும் வரும்போது இறக்கமும் ஆனால் கணக்கில் சிறு பிழை நேரும். ஆதலால் இயன்றவரை அருகிலுள்ள வழங்கியைக் கேட்பதே நன்று.

அமைக்கும் முறை

1. லினக்ஸ் இயங்கும் கணினி ஒன்று போதும், பழையதாயினும் குற்றமில்லை. அது எப்போதும் இயங்கிக் கொண்டிருக்க வேண்டும். கேட்பவர் தேடி வரும் முகவரியும் மாறாதிருக்க வேண்டும்.

2. கிரோனி என்னும் இலவச மென்பொருளை அதில் நிறுவுக.

3. அதன் அமைப்புக் கோப்பில் நான்கு நேர வழங்கிகளின் பெயர்களை எழுதுக. இரண்டை மட்டும் கேட்டு, அவை மாறுபட்டால் எது மெய் என்று அறிய இயலாது. மூன்றாயின் பொய்யுரைக்கும் ஒன்றை மற்ற இரண்டும் காட்டிக் கொடுக்கும். நான்காயின் ஒன்று பழுதுற்றாலும் மூன்று எஞ்சும்.

4. பள்ளிக்குள் இருக்கும் கணினிகள் மட்டுமே கேட்கலாம் என்று அனுமதி வரி எழுதுக. தீச்சுவரில் 123ஆம் எண் வாயிலையும் அவற்றுக்கு மட்டுமே திறந்து விடுக. கவனமின்றி உலகுக்கே திறந்து வைக்கப்பட்ட நேர வழங்கிகளைக் கருவியாக்கித் தீயோர் 2014ஆம் ஆண்டில் பெருந்தாக்குதல்கள் நிகழ்த்தினர்.

5. மற்றக் கணினிகள் ஒவ்வொன்றிலும் இவ்வழங்கியின் முகவரியை நேர அமைப்பில் பதிக.

தொடக்கத்தில் பிழை பெரிதாயிருந்தால் கடிகாரம் ஒரே தாவலில் திருத்தப்படும். அதன்பின் முந்துவதைச் சற்றே மெதுவாக்கியும், பிந்துவதைச் சற்றே விரைவாக்கியும் கிரோனி அதனை நேர்செய்யும். ஓடும் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பினால் ஒரே நிமிடம் இருமுறை வரும். பதிவேடுகள் முன்பின்னாகக் குழம்பும்.

என்.டி.பி. கொண்டு வருவது உலகப் பொது நேரமே. அத்துடன் 8 மணியைக் கூட்டி நம் நேரமாக்குவது அந்தந்தக் கணினியின் வேலை. தீபகற்ப மலேசியாவில் 1981 வரை ஏழரை மணி கூட்டினார்கள். சபா, சரவாக் மாநிலங்களோடு நேரம் ஒன்றாக வேண்டி, 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11.30 மணி, நள்ளிரவு 12 ஆக்கப்பட்டது. அன்று முதல் நாடு முழுவதும் ஒரே நேரம். சிங்கப்பூரும் அன்றே தன் நேரத்தை மாற்றிக் கொண்டது.

பெற்றோர்களே! அன்று பெரட்டு மணியை அடிக்கும் உரிமை அலுவலகத்தில் இருந்தது. அது சரியா தவறா என்று சோதிக்கப் பாட்டாளியிடம் கருவி இல்லை. இன்று கைப்பேசியும் நேர வழங்கியைக் கேட்டே மணி காட்டுகிறது. வேலையிடத்து இயந்திரம் அதனோடு மாறுபட்டால், எந்நேரத்தைப் பார்த்து இவ்வியந்திரம் ஓடுகிறது என்று பணிவோடும் துணிவோடும் கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே! கணினி அறைக்குள் நுழைந்ததும் திரையின் மூலையில் உள்ள நேரத்தைப் பாருங்கள். அடுத்த கணினியோடு ஒப்பிடுங்கள். வேறுபாடு கண்டால் ஆசிரியரிடம் கூறுங்கள். நேர வழங்கி அமைக்கும் நற்பணிக்கு அதுவே தொடக்கமாகட்டும்!