உங்களுக்குத் தெரியுமா? வறட்சியில் துணை மரம் கைகொடுக்குமா?

பல இன மரங்கள் கலந்த காடு வறட்சியை நன்றாகத் தாங்கும் என்பார்கள். அது பாதி உண்மைதான்!

● 1976, 2003 ஆண்டுகளில் ஐரோப்பாவைக் கடும் வறட்சி வாட்டியது. பின்னர் தெற்கு ஜெர்மனியில் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்தார்கள். தன் இனத்தோடு மட்டுமே நின்ற பீச் மரங்களைவிட, வேறு இனங்களோடு, குறிப்பாக ஓக் மரங்களோடு, கலந்து நின்றவை வறட்சியை நன்றாகத் தாங்கியிருந்தன. ஓக், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கோ இந்தக் கூட்டால் பெரிய லாபமில்லை.

● பீச்சுக்கு ஏன் லாபம்? ஓக்கின் வேர் ஆழத்துக்குப் போகும். பகலில் அது நீர் உறிஞ்சும் மட்டம் வேறு; பீச்சோடு போட்டி குறைவு. இரவில் ஆழத்து ஈரம் அதன் வேர் வழியே ஏறி, காய்ந்த மேல்மண்ணில் கசிவதும் உண்டு. ஸ்ப்ரூஸ், மண் காயத் தொடங்கியதுமே இலைத்துளைகளை மூடி நீர்ச்செலவைக் குறைத்துக்கொள்ளும்; மிஞ்சும் ஈரம் பக்கத்துப் பீச்சுக்கு.

● 2014இல் வெளியான ஆய்வு ஒன்று ஐரோப்பாவின் ஐந்து வகைக் காடுகளை ஒப்பிட்டது. இரண்டில் மட்டுமே இனக் கலப்பு வறட்சியின் தாக்கத்தைக் குறைத்திருந்தது.

● கலந்து நிற்கும் மரங்கள் அடர்ந்து செழித்தால், மண்ணின் நீர் சீக்கிரம் தீர்ந்துபோகவும் கூடும்.

மரம் நடுவோர் கவனத்துக்கு: எத்தனை இனம் என்று எண்ணுவதோடு, எதன் பக்கத்தில் எது என்றும் பார்த்து நடுங்கள்.